எண் நான்கு இன்னும் பயிற்சியில் இருக்கிறார்

எங்கள் எட்டுப் பேரின் இதயத்தையும் பாதி வழியில் நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தபோது மணி பதினொன்று இருபது. நின்ற இடத்திலேயே முழங்காலை இடுப்பு வரைக்கும் தூக்கித் தூக்கி நடந்துகொண்டிருந்தோம். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு எண் ஒட்டிய நீல நிறக் கையில்லாச் சட்டை. நான் எண் நான்கு.

மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பிரிவில் எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருடமாக நானும் லிஃப்ட்டுகளை எண் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக்குள் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. காவலாளி என்னைக் கீழே கொண்டுவந்தது நான் அப்போதுதான் பழுது பார்த்து முடித்திருந்த இன்னொரு லிஃப்ட்டில். அது நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று ஒன்பது மாடியும் வேண்டிக்கொண்டு வந்தேன்.

ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதோடு பயத்தையும் வைத்து அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன். குனிந்தால் பயம், தும்மினால் பயம், பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வேகமாக வைத்தால் பயம். பயமில்லாமல் நான் மூச்சு வாங்கிய ஒரே இடம் அந்த ஹால்தான். காரணம், விசில் மேடம். எங்கள் பயிற்சியாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. முதல் ஐந்து நிமிடம் மெதுநடை, அடுத்த இருபது நிமிடம் வேகநடை, கடைசிப் பத்து நிமிடம் தணிப்பு நடை. இந்த மூன்றாவதில்தான் அவர் உயிரை விடுவார்.

"ஓடற இதயத்தை டக்குனு நிறுத்தக் கூடாது. ரத்தமெல்லாம் கால்லயே தங்கிடும், தலை சுத்தும், விழுந்துடுவீங்க. தணிப்பு நடை முடியாம யாரும் நாற்காலியப் பாக்கக்கூடக் கூடாது, சொல்லிட்டேன்!"

நாங்கள் பார்த்ததில்லை. நாற்காலிகள் இருக்கும் சுவர்ப் பக்கம் திரும்பாமலே இரண்டு மாதம் நடந்திருக்கிறோம்.

அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு ஒருங்கிணைப்பாளர் வந்தார். இஸ்திரி கலையாத மனிதர். கையில் இருந்த தாளை நின்றபடியே படித்தார்.

"நமது பிரிவு, முன்மாதிரி இதய மறுவாழ்வு வகுப்பு என்னும் தரச்சான்றுக்கு விண்ணப்பித்திருப்பதை அனைவரும் அறிவர். ஆய்வுக் குழு எந்நாளும் வரக்கூடும் என்பதால், வகுப்பு நடைபெறும் கூடத்தைக் களங்கமின்றிப் பராமரிக்கும் பொருட்டு, வகுப்புகள் உடனடியாக நிறுத்தி வைக்கப்படுகின்றன."

"சார், பத்து நிமிஷம் குடுங்க. தணிப்பு நடை முடிச்சிட்டு அனுப்பிடறேன்" என்றார் விசில் மேடம்.

"உடனடியாகன்னு போட்டிருக்கு மேடம்."

"இவங்க இதயம் நூத்திப் பத்துல ஓடிக்கிட்டிருக்கு சார்!"

"அது ஓடட்டும். நான் வகுப்பைத்தான் நிறுத்தச் சொல்றேன்."

ஐந்து நிமிடத்தில் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நாங்கள் எட்டுப் பேரும் வராந்தாவில் வரிசையாக மெதுவாக நடக்க ஆரம்பித்தோம். காவலாளி ஓடி வந்தார்.

"இங்க நடக்கக் கூடாது."

"அப்ப எப்படிங்க வெளியே போறது?"

"வெளியே போறவங்க போகலாம். பயிற்சிக்காக நடக்கறவங்கதான் கூடாது. நீங்க ரொம்ப மெதுவா நடக்கறீங்க. பாத்தாலே தெரியுது."

எண் ஏழு சத்தமாகச் சிரித்தார். சோபா கடை வைத்திருப்பவர், என்னைவிட ஆறு வயது பெரியவர், அகலமான ஆள். "வா நாலு, வாசல் பெஞ்ச்ல உக்காருவோம். செத்தா சேர்ந்து சாவோம்" என்றார். உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "நீ பயந்த மூஞ்சிய வெச்சுக்காதப்பா. எனக்கும் தொத்திக்குது" என்றார். இரண்டு பேரும் பஸ் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் மனைவியிடம் சொல்லக் கூடாது என்றுதான் போனேன். படியேறி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"பாதியில நிறுத்திட்டாங்களா? அப்ப இப்ப உங்களுக்கு என்ன ஆகும்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? கேக்கலியா?"

"யாரைக் கேக்கறது? கதவ சாத்திட்டாங்க."

அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அடுத்த நாளே ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்தால் எனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று தோன்றியது. என்னைப் பார்த்தால் அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மூன்றாம் நாள் தபாலில் கையேடு வந்தது. அறுபத்து நாலு பக்கம், வழவழப்பான தாள். அட்டையில் ஒரு தம்பதி கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தலைப்பு, 'வகுப்பு இல்லாக் காலத்தில் வீட்டிலேயே பயிற்சி.' எனக்கு உயிர் வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

விதி ஒன்று: இக்கையேட்டில் உள்ள பயிற்சிகளை வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது. விதி இரண்டு: தகுதிச் சான்று பெற்ற வீட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும். விதி மூன்று: தகுதிச் சான்றுக்கான வகுப்பு நமது கூடத்தில் நடைபெறும். அதற்குக் கீழே, பிறகு ஒட்டிய சின்னத் தாளில்: கூடம் மூடப்பட்டுள்ளது. விதி பதினேழு, பயிற்சியின்போது பயப்படக் கூடாது, பயம் நாடித் துடிப்பை அதிகரிக்கும் என்றது. விதி முப்பத்தொன்று, மயக்கமடைந்தால் நோயாளி உடனே படிவம் 'ஈ'-யை மூன்று பிரதிகளில் நிரப்ப வேண்டும் என்றது.

"மயங்கினவன் எப்படிங்க நிரப்புவான்?" என்றாள் மனைவி.

"மயக்கம் தெளிஞ்சப்புறமா இருக்கும்."

"தெளியலன்னா?"

அதற்கு விதி இருக்கிறதா என்று தேட எனக்குத் தைரியம் வரவில்லை. கையேட்டை மூடி வைத்தேன்.

ஆனாலும் முயற்சி செய்தோம். கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, தகுதிச் சான்று இல்லாத என் மனைவி கடிகாரத்தோடு உட்கார, நான் முழங்காலைத் தூக்கினேன். இரண்டாவது நிமிடம் காதுக்குள் திம் திம் என்று கேட்டது. அது மாடி வீட்டில் துணி துவைக்கும் சத்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. என் முகம் மாறியது. என் முகத்தைப் பார்த்து அவள் முகம் மாறியது. அதைப் பார்த்து எனக்கு வியர்த்தது.

"கைய நீட்டுங்க!"

முதல் தடவை எண்ணினாள், நூற்று நாற்பது. நான் எண்ணினேன், எண்பத்தெட்டு. மறுபடி அவள் எண்ணினாள், ஒன்றுமே இல்லை. "ஐயோ, நின்னுபோச்சுங்க!" என்று அலறினாள். கட்டை விரல் பக்கம் பிடிக்க வேண்டியதைச் சுண்டு விரல் பக்கம் பிடித்திருந்தாள். அதை நாங்கள் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடமும் நான் செத்துப்போனவனாகவே நின்றுகொண்டிருந்தேன். பிறகு தொப்பென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், அடடா, தணிப்பு நடை இல்லாமல் மறுபடியும் நிறுத்திவிட்டோமே என்று உறைத்தது.

அதோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுந்திருப்பதையே குறைத்துக்கொண்டேன். சட்டைப் பட்டனைக்கூட அவள்தான் போட்டுவிட்டாள். வகுப்பில் கடைசியாகப் போட்ட அட்டையில் 'பொது நிலை: நன்று' என்று இருந்தது. அதை எடுத்து எடுத்துக் காட்டுவாள். எனக்கு அதில்தான் அதிகப் பயம். லிஃப்ட்டுக்குள் தொங்கும் மாதாந்திரப் பராமரிப்பு அட்டையில் நானும் 'நன்று' என்று எழுதியிருக்கிறேன். பாதி நாள் மோட்டார் அறைச் சாவி கிடைக்காது. கீழேயே நின்று டீ குடித்துவிட்டு, நன்று, கையெழுத்து, தேதி. ஆறு பேர், நானூற்று எட்டு கிலோ, பாதுகாப்பானது. அந்த ஆறு பேரும் என்னை நம்பித்தான் உள்ளே ஏறியிருப்பார்கள்.

சோபாக்காரர் மட்டும் தினமும் மதியம் போன் செய்வார்.

"என்ன நாலு, நடந்தியா?"

"இல்லண்ணே. நீங்க?"

"கடையில புது சோபா வந்திருக்கு, மூணு பேர் உக்காரலாம். நான் ஒருத்தனே உக்காந்திருக்கேன். எந்திரிச்சா என்னமோ ஆயிடும்போல இருக்குப்பா." அப்புறம் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டால் எனக்கு மாலை வரைக்கும் தாங்கும்.

பத்தொன்பதாம் நாள் காலை மருத்துவமனையிலிருந்து அழைப்பு. ஒருங்கிணைப்பாளர்தான்.

"எண் நாலா?"

"ஆமா சார்." நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நீங்க பத்தொன்பது நாளா விடாம பயிற்சி செஞ்சுக்கிட்டிருக்கீங்க."

"இல்ல சார், உக்காந்திருக்கேன்."

"எப்ப உக்காந்தீங்க?"

"அன்னைக்கே சார்."

"அது பதிவாகலியே. தணிப்பு நடை முடிச்சு, கடைசி நாடி பதிஞ்சாத்தான் வகுப்பு முடிஞ்சதா கம்ப்யூட்டர் எடுத்துக்கும். உங்க கடைசிப் பதிவு காலைல பதினொன்னு இருபது, வேகநடை, நாடி நூத்திப் பன்னெண்டு. அனுமதி முப்பத்தஞ்சு நிமிஷம். நீங்க நானூத்தி ஐம்பத்தாறு மணி நேரமா நடக்கறீங்க. இது உயிருக்கே ஆபத்து. உடனே நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன் சார்."

"அப்படி திடீர்னு நிறுத்தக் கூடாது! தணிப்பு நடை செஞ்சுதான் நிறுத்தணும்."

"சரி சார், இப்பவே செய்யறேன்."

"அத ஹால்ல வந்துதான் செய்யணும்."

"எப்ப வரட்டும் சார்?"

"ஹால் மூடியிருக்கு" என்று சொல்லிவிட்டு, விடாமல் பயிற்சி செய்கிற ஒருவனைப் பாராட்டுகிற குரலில், "தண்ணி நிறையக் குடிங்க" என்றார்.

நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பது நாளாக எங்கோ ஒரு மூலையில் என் இதயம் நூற்றுப் பன்னிரண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டதும் கால் வலித்தது. உண்மையாகவே வலித்தது. நாடியை எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு.

அன்று மதியம் சோபாக்காரர் போனில் அடக்க முடியாமல் சிரித்தார். அவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. "நாலு, நான் இப்ப எங்க போயிட்டிருக்கேன் தெரியுமா? கணக்குப் போட்டேன். ரெண்டு நாட்டு எல்லையத் தாண்டிட்டேன். கடல் குறுக்க வரப்போவுது, என்ன பண்றதுன்னு தெரியல." மறுநாள் கடலைத் தாண்டினார். அதற்கு மறுநாள் பனிமலையில் ஏறுவதாகச் சொன்னார், மூச்சு வாங்குவதுபோல நடித்தும் காட்டினார். அதற்குப் பிறகு போன் வரவில்லை. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து கூப்பிடவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாத்திரை தீர்ந்து மனைவி மருந்தகத்துக்குப் போனாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு நடுவில் மாத்திரை கொடுப்பதில்லையாம், வகுப்பு முடிந்து வரச் சொல்லுங்கள் என்றார்களாம். வெளிக்கடையில் வாங்கி வந்தாள். மருத்துவரைப் பார்க்கச் சீட்டுக் கேட்டாள். உங்கள் கணவர் இப்போது பயிற்சிக் கூடத்தில் இருப்பதாகக் காட்டுகிறதே, ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருப்பார் என்று கவுண்டரில் கேட்டார்களாம்.

இருபத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது. பிரிவுத் தலைவரே கையெழுத்திட்டது. "தங்களின் அயராத உழைப்பு எங்களைத் தலைநிமிரச் செய்துள்ளது. முப்பத்து மூன்றாம் நாள் பயிற்சியைத் தாங்கள் நிறைவு செய்யும் தருணத்தில் ஆய்வுக் குழு வருகிறது. தங்கள் வருகை கட்டாயம். வரும் வழியில் பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம்."

"போகாதீங்க" என்றாள் மனைவி.

"போனாத்தான் முடிச்சு வைப்பாங்க. முடிச்சு வெச்சாத்தான் டாக்டர் பாப்பாரு."

இரண்டு மாடி, முப்பத்து நாலு படி. ஒரு மாதம் கழித்து முதல் தடவை இறங்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தேன். கீழ் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் பையோடு ஏறிப் போனார். அவரை வாய் பிளந்து பார்த்தேன்.

ஹால் அடையாளம் தெரியவில்லை. தரை மெழுகு போட்டுப் பளபளவென்று முகம் தெரிந்தது. 'நடக்காதீர்' என்று நடுவில் பலகை வைத்திருந்தார்கள். நடைப் பயிற்சி இயந்திரங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. சுவரோரமாக எட்டு நாற்காலி, எட்டிலும் கஞ்சி போட்டு மடித்த நீலச் சட்டை. இரண்டு மாதம் நான் திரும்பியே பார்க்காத நாற்காலி, முதல் தடவையாக உட்கார்ந்தேன். மற்றவர்களில் ஆறு பேர் வந்திருந்தார்கள்; ஏழாம் நாற்காலியில் மட்டும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சட்டையை மடியில் வைத்து அதன் எண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன், "அண்ணன் வரலியாம்மா?"

"பதினோரு நாளாச்சுப்பா. கடையிலேயே, உக்காந்தபடியே." அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீதான் நாலா? உன்கிட்ட பேசிட்டுத்தான் சாப்பிடுவாரு."

மனைவி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள்.

"இறப்புச் சான்று வாங்கணும்னா இங்கேருந்து ஒரு சிகிச்சைக் காகிதம் வேணுமாம். கேட்டா, அவர் வகுப்புல இருக்காரு, வகுப்புல இருக்கறவர் செத்ததா எழுத முடியாதுங்கறாங்க. இன்னைக்கு வந்தா முடிச்சுத் தர்றோம்னாங்க" என்றார் அந்த அம்மா.

அதற்குள் ஆய்வுக் குழு வந்துவிட்டது. மூன்று பேர், மூன்று பேருக்கும் காலில் துணி உறை, தரை அழுக்காகாமல் இருக்க. பிரிவுத் தலைவர் ஒலிபெருக்கி முன் நின்றார். உருண்டையான, சந்தோஷமான மனிதர்.

"பெருமக்களே! வகுப்புகள் நடந்த காலத்தில் எங்கள் நோயாளியின் சராசரிப் பயிற்சி நேரம் வெறும் முப்பத்தொரு நிமிடம். வகுப்புகளை நிறுத்தினோம். இன்று சராசரி எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம்! இதிலிருந்து என்ன தெரிகிறது? இத்தனை ஆண்டுகளாக நோயாளிகளின் முன்னேற்றத்துக்குத் தடையாக இருந்தவை எங்கள் வகுப்புகள்தான். அந்தத் தடையை நீக்கும் துணிச்சல் எங்களுக்கு இருந்தது. இன்னொன்றும் சொல்வேன். இந்த முப்பத்து மூன்று நாளில் இக்கூடத்தில் ஒருவர்கூட மயங்கி விழவில்லை. ஒரு நாற்காலிகூட உடையவில்லை. நோயாளிகள் ஒத்துழைத்தால் ஒரு மருத்துவமனையை எவ்வளவு சிறப்பாக நடத்தலாம் என்பதற்கு இதுவே சாட்சி."

கைதட்டினார்கள். ஆய்வுக் குழுவின் தலைவி கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார். "இவர்கள் இப்போதும் பயிற்சியில் இருக்கிறார்களா?"

"இருக்கிறார்கள்."

"உட்கார்ந்திருக்கிறார்களே?"

"அது மேம்பட்ட நிலை" என்றார் பிரிவுத் தலைவர். தலைவி குறித்துக்கொண்டார்.

சோபாக்காரரின் மனைவி எழுந்தார். "ஐயா, எங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருங்க."

பிரிவுத் தலைவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் கையிலிருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். "எண் ஏழு... நாடி நூத்தி நாலு. நல்லா இருக்காரு சார்."

"பதினோரு நாளாச்சுங்கய்யா."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் பிரிவுத் தலைவர் கனிவாக. "எங்க பதிவுப்படி உங்க கணவர் ரொம்ப நல்ல உழைப்பாளி. இந்தப் பிரிவே அவரால பெருமைப்படுது."

ஆய்வுக் குழுத் தலைவி நிமிர்ந்தார். அப்பாடா, கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். "இப்படிப்பட்ட சூழ்நிலைக்கு உங்களிடம் நெறிமுறை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கு மேடம். விதி ஐம்பத்திரண்டு. நோயாளியால் இயலாதபோது, அவர் சார்பாக நெருங்கிய உறவினர் தணிப்பு நடையை முடித்துக் கொடுக்கலாம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"மிக நன்று. செய்து காட்டுங்கள்."

விசில் மேடத்தைக் கூப்பிட்டு வந்தார்கள். ஒரு மாதமாக அவரைக் கிடங்கில் பிளாஸ்டிக் உறை எண்ண வைத்திருந்தார்களாம். வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் ஏழாம் எண் சட்டையை உதறி, புடவைக்கு மேலே அந்த அம்மாவுக்கு மாட்டிவிட்டார். அது முழங்கால் வரை தொங்கியது.

"என்ன செய்யணும்மா நான்?" என்றார் அந்த அம்மா.

"மெதுவா நடக்கணும்மா. பத்து நிமிஷம். நான் கூட வர்றேன்."

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. "நாங்களும் நடக்கறோம்" என்றேன். குரல் கிரீச்சிட்டது.

பிரிவுத் தலைவர் பதறிவிட்டார். "நீங்க வேணாம்! நீங்க ஏழு பேரும் தொடர்ந்து ஓடுங்க. அடுத்த வாரம் விருதுக் குழு வருது. அதுக்குள்ள ஆயிரம் மணி நேரம் தாண்டிடலாம்!"

விசில் மேடம் விசிலை வாயில் வைத்து ஊதினார். அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கப் பழகியவர்கள் நாங்கள். மற்ற ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். பலகையைத் தாண்டி, மெழுகுத் தரையில் செருப்புத் தடம் பதிய, ஏழு பேரும் ஓர் அம்மாவும் சுற்றிச் சுற்றி நடந்தோம். எனக்கு வழுக்கி விழுந்துவிடுவோமோ என்றும் பயம், நெஞ்சு நின்றுவிடுமோ என்றும் பயம். என் முன்னால் ஏழாம் எண் மெதுவாக அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

முடிந்ததும் நாடி எடுத்தார்கள். எனக்கு எண்பத்தாறு. மற்றவர்களுக்கும் அடங்கியிருந்தது. அந்த அம்மாவுக்கு நூற்றுப் பதினெட்டு.

"தொண்ணூறுக்குக் கீழ வந்தாத்தான் மூட முடியும்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

காத்திருந்தோம். ஐந்து நிமிடம் கழித்து நூற்றுப் பதினாறு. இன்னும் ஐந்து நிமிடம், நூற்று இருபது.

"அவரை நிறுத்தணும்னா என் நெஞ்சு அடங்கணுமா?" என்று கேட்டார் அந்த அம்மா. யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "தினமும் சொன்னேம்பா, எந்திரிச்சு நடங்க, நான் கூட இருக்கேன்னு. புத்தகத்தக் காட்டுவாரு. உனக்குத் தகுதிச் சான்று இல்லடி, உன்னைய வெச்சுக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு போட்டிருக்குன்னுவாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு. ஆனா எந்திரிக்கவே மாட்டாரு."

விசில் மேடம் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "எண்பத்தெட்டு" என்று சத்தமாகச் சொல்லி, திரையை வாங்கித் தானே பதிந்தார். பார்க்காமல் எழுதுகிற ஆளை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும், என் தொழில் அது. பார்க்காமல் எழுதியதில் நியாயமானதாக நான் கண்டது அது ஒன்றைத்தான்.

அச்சு இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. கண்ணாடி கொண்டுவரவில்லை, படித்துச் சொல்லு என்று அந்த அம்மா என்னிடம் நீட்டினார்.

"எண் ஏழு. பயிற்சி நேரம் எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று மணி, பத்து நிமிடம். நிறைவு: வெற்றிகரம். பொது நிலை: முன்னேற்றம்." நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒரு வரி இருக்கும்மா. வீட்டில் தொடரவும்னு போட்டிருக்கு."

அவர் சீட்டை வாங்கி நாலாக மடித்தார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, பதிவறை எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு போனார்.

ஒலிபெருக்கியில் பிரிவுத் தலைவர் குரல் தழுதழுக்க அறிவித்துக்கொண்டிருந்தார். தரச்சான்று கிடைத்துவிட்டது. கிடைத்த தரம் கெட்டுவிடக் கூடாது என்பதால், கூடம் இனிமேல் திறக்கப்படாது. பொதுமக்கள் பார்வைக்காகக் கதவுக்குப் பதில் கண்ணாடி பொருத்தப்படும்.

வாசலுக்கு வந்தோம். மனைவி வண்டிக்காரரைக் கை காட்டி நிறுத்தினாள்.

"வேணாம், நடந்து போலாம்" என்றேன்.

"வீட்டுக்கா? ரெண்டு கிலோமீட்டருங்க."

"தெரியும்."

"அப்புறம் மாடி வேற."

"தெரியும்."

வண்டிக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் என் முகத்தையே பார்த்தாள். "பயமா இல்லியா?"

"ரொம்ப பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள். கைப்பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டாள்.

அவள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாகத்தான் நடந்தேன். ஆறாவது நிமிடம் வேகத்தைக் கூட்டினேன்.